கோடாலி மலைவாசிக்கு, கோடிகள் யாருக்கு?

புதுதில்லி: தில்லியில் இருப்பவர்களுக்கு ஏர்பேடு என்றால் ஐ.ஐ.டி.தான் நினைவுக்கு வரும். 2015 மார்ச் 28-ஆம் தேதி, அப்போதைய மத்திய மனித வள மேம்பாட்டுத் துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி, ஏர்பேடு மண்டலத்தைச் சேர்ந்த மேர்லபாகாவில் திருப்பதி ஐ.ஐ.டி.க்கு அடிக்கல் நாட்டினார். மத்திய அமைச்சராக இருந்த வெங்கய்ய நாயுடுவும், ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் உடன் இருந்தனர். மாநிலப் பிரிவினையால் இழந்ததை ஈடுகட்டும் கல்வி நிலையங்களுள் ஒன்று என்று அது கொண்டாடப்பட்டது.

அடிக்கல் நாட்டப்பட்ட பத்தே நாளில், அதாவது ஏப்ரல் 7-ஆம் தேதி அதிகாலையில், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சந்திரகிரியை ஒட்டிய சேஷாசலம் வனத்தில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளிகள். சுட்டது, செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர அரசு அமைத்திருந்த சிறப்பு அதிரடிப் படை.

அந்தத் துப்பாக்கிச் சூடு பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால், அந்த மனிதர்கள் மலைக்குப் போய்ச் செய்யும் வேலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள், வெட்டிய கட்டை எங்கே போகிறது என்பதெல்லாம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது அதைவிடக் குறைவு.

ஒரே மலைத்தொடரின் மரம்

செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை, நல்லமலைக் காடுகளில் மட்டுமே காணப்படுகிறது. பழைய மாவட்டக் கணக்கில் சொன்னால் சித்தூர், கடப்பா, நெல்லூர், கர்நூல், பிரகாசம். தமிழக எல்லையோரத்திலும் கொஞ்சம் உண்டு. வறண்ட, பாறை நிறைந்த சரிவுகளில் மெதுவாக வளரும். அதன் மதிப்பெல்லாம் நடுவில் உள்ள வைரத்தில்தான் இருக்கிறது. அது பயனுக்குரிய பருமன் அடையக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான கட்டை.

தமிழ் வீடுகளுக்கு இந்த மரம் அந்நியமல்ல. கொலுவில் முதலில் வைக்கப்படும் மரப்பாச்சி பொம்மைகள் பெரும்பாலும் செம்மரத்தில் கடைந்தவைதான். திருப்பதிக்குப் போய் வந்தவர்கள் ஒரு சோடி வாங்கி வருவது வழக்கமாக இருந்தது. ஏர்பேடு மண்டலத்திலேயே உள்ள மாதவமாலா என்ற சிற்றூர் மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்றது. தெய்வ உருவங்கள் செதுக்குவதைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் அங்கு உள்ளன.

ஆனால் கடத்தல்காரர்களின் கண் பொம்மையின் மீது அல்ல. சீனாவில் பேரரசர் காலம் தொட்டே செந்நிற மரச்சாமான்களுக்குப் பெரும் மதிப்பு உண்டு. அவற்றுள் தலையாயதாகக் கருதப்படும் மர வகையாகச் செம்மரம் அங்கு ஏற்கப்பட்டுள்ளது. சீனாவில் புதுப்பணக்காரர்கள் பெருகப் பெருக, இந்தக் கட்டைக்குக் கிராக்கி ஏறிக்கொண்டே போனது. ஜப்பானில் இசைக்கருவி செய்வதற்கும் இது வாங்கப்பட்டது. கட்டையின் உள்ளே அலை அலையாக ரேகை ஓடினால் அது முதல் தரம்; அதன் விலையே தனி.

காட்டுக்குள் ஒரு குழு

ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மரம் வெட்டுவதில் தேர்ந்தவர்கள். இந்தத் திறமை தானாக வந்ததல்ல. ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மலை. அரசு வெட்டிய சந்தனம் திருப்பத்தூர் கிடங்கில் ஏலம் போனது. திருட்டுத்தனமாக வெட்டப்பட்டது வேறு வழியில் போனது. இரண்டுக்கும் கோடாலி பிடித்தவர்கள் இந்த மலைக்காரர்கள்தாம். வேரோடு தோண்டி, வெளிறைச் செதுக்கி, வைரத்தை மட்டும் பிரித்தெடுக்கும் கலை அங்கே படிந்தது. சந்தனம் அருகிப்போனது, கலை மட்டும் மிஞ்சியது. சாமையும் மானாவாரிப் பயிரும் ஆண்டு முழுக்கச் சோறு போடாத மலையில், அந்தக் கலையைத் தேடி ஆந்திரத்திலிருந்து ஏஜென்ட்டுகள் வந்தார்கள்.

முதலில் வருவது முன்பணம். வீட்டுக் கடன், பெண்ணின் திருமணம், மருத்துவச் செலவு என்று ஏதோ ஒன்றுக்காக அது வாங்கப்படுகிறது. வாங்கியவர் போகாமல் இருக்க முடியாது. ‘கட்டட வேலை’, ‘பெயின்ட் அடிக்கும் வேலை’ என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. தெரிந்தே போனவர்களும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. உள்ளூர்க் கூலியைப் போலப் பல மடங்கு கிடைக்கும் என்றால் போகாமல் இருப்பதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை அரசுகள் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

குழுவாகப் புறப்பட்டாலும் குழுவாகப் பயணம் செய்வதில்லை. வேலூர், திருத்தணி வழியாகச் செல்லும் பேருந்துகளில், ஏழுமலையான் பக்தர்களின் கூட்டத்தோடு கூட்டமாக இருவர், மூவராக ஏறுகிறார்கள். இறங்கும் இடத்தை மேஸ்திரிதான் அறிவார். அங்கிருந்து உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இருட்டில் அழைத்துச் செல்வார். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், எண்ணெய், பீடிக்கட்டு என ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு மூட்டை. சாலையோரத்து மரங்கள் எப்போதோ போய்விட்டதால், நல்ல மரம் இருக்கும் இடத்தை அடையவே சில நாள் நடக்க வேண்டியிருக்கிறது.

மரத்தை வெட்டுவது எளிதல்ல. கோடாலியின் சத்தம் பாறைப் பள்ளத்தாக்குகளில் வெகு தூரம் கேட்கும். ரோந்து வரும் அதிரடிப் படையினர் தேடுவதும் அந்தச் சத்தத்தைத்தான். எனவே அடுப்புப் புகைக்கும் அஞ்ச வேண்டும். டார்ச் வெளிச்சத்துக்கும் அஞ்ச வேண்டும். மரம் சாய்ந்ததும் கிளைகளைக் கழித்து, அடிமரத்தை ஆள் தூக்கும் அளவுக்குத் துண்டுகளாக்குகிறார்கள். பின்னர் பட்டையையும் வெளிறையும் செதுக்கித் தள்ளுகிறார்கள். வைரத்துக்கு மட்டுமே விலை. அதுவன்றி மற்றதெல்லாம் வீண் சுமை. கூலியும் பல இடங்களில் கிலோ கணக்கில்தான். ஆகவே செதுக்குகிறவர் எவ்வளவு நேர்த்தியானவரோ அவ்வளவுக்கு மேஸ்திரிக்கு லாபம்.

அதன்பின் தொடங்குவது சுமக்கும் வேலை. முப்பது கிலோ, சில சமயம் அதற்கும் மேல் உள்ள கட்டையைத் தோளிலோ தலையிலோ வைத்துக்கொண்டு, வந்த வழியே இரவில் இறங்க வேண்டும். செருப்பு தேய்ந்து போகும். பாம்பு, கரடி, யானை என்று காட்டின் ஆபத்துகள் வேறு. தண்ணீர்ச் சுனை எங்கே என்று தெரிந்த வழிகாட்டி பாதியில் ஓடிவிட்டால், வழி தெரியாத ஊரில், மொழி தெரியாத காட்டில் நிற்க வேண்டியதுதான்.

சாலையோரத்தில் கட்டையைப் போட்டதோடு மலைக்காரரின் பங்கு முடிகிறது. பால் வண்டி, காய்கறி லாரி, சொகுசுக் கார் என்று எதில் வேண்டுமானாலும் அது ஏறும். அதற்கு முன்னால் ‘பைலட்’ என்று ஒரு வண்டி வழியில் சோதனை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகும். ஏர்பேட்டின் முக்கியத்துவம் இங்குதான். மதனபள்ளியிலிருந்து திருப்பதி, ரேணிகுண்டா, ஸ்ரீகாளஹஸ்தி வழியாக நாயுடுபேட்டை செல்லும் 71-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. நல்கொண்டா பக்கமிருந்து கனிகிரி, வெங்கடகிரி வழியாக வரும் 565-ஆம் எண் நெடுஞ்சாலை இங்கு வந்து முடிகிறது. மேற்கே காடு, கிழக்கே சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை, அதன் இரு முனையிலும் துறைமுகங்கள். கரகம்பாடி, மாமண்டூர், ரேணிகுண்டா, ஏர்பேடு, ஸ்ரீகாளஹஸ்தி எல்லாமே செம்மரக் கைதுச் செய்திகளில் மாறி மாறி இடம்பெறும் பெயர்கள்.

இந்தச் சாலைகளில் கொழிப்பது செம்மரம் மட்டுமல்ல. மணல் கொள்ளைக்கு எதிராகப் புகார் கொடுக்க முனகலபாளையம் விவசாயிகள் 2017 ஏப்ரல் 21-ஆம் தேதி ஏர்பேடு காவல் நிலையத்தின் முன் கூடியிருந்தபோது, கட்டுப்பாட்டை இழந்த லாரி பாய்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காட்டையும் ஆற்றையும் விற்றுப் பணம் பண்ணுவோர் ஒரு பக்கம். சாலையில் சாவோர் மறுபக்கம்.

ஏப்ரல் 7-க்கு முன்னும் பின்னும்

அதிரடிப் படையின் கோபத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 2013 டிசம்பர் 15-ஆம் தேதி, சேஷாசலம் வனத்தில் ரோந்து சென்ற இரண்டு வனத்துறை அதிகாரிகள் மரவெட்டிகளால் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்களும் குடும்பம் உள்ளவர்கள்தாம். கடமையைச் செய்யப் போனவர்கள்தாம். அதன்பின் நூற்றுக்கணக்கான தமிழர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். 2015 வாக்கில் ஆந்திரச் சிறைகளில் இருந்த தமிழகக் கூலித் தொழிலாளிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாமல், வழக்கு நடக்கும் மொழியும் புரியாமல் மாதக்கணக்கில் கிடந்தவர்கள் அவர்கள்.

ஏப்ரல் 7 சம்பவத்தில், நூற்றுக்கும் மேற்பட்டோர் கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டதாக, அப்போது அதிரடிப் படைக்குத் தலைமை வகித்த டி.ஐ.ஜி. காந்தா ராவ் விளக்கம் அளித்தார். இரண்டு இடங்களில் சடலங்கள் கிடந்தன. ஓரிடத்தில் 9, மற்றோரிடத்தில் 11. அருகில் கிடந்த கட்டைகள் புதிதாக வெட்டியவையாகத் தெரியவில்லை என்றும், சிலவற்றில் வண்ணக் குறியீடுகள் இருந்தன என்றும் மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின.

உயிர் தப்பிய மூவர் அதே மாதம் தில்லிக்கு அழைத்து வரப்பட்டு, தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டனர். தங்களோடு வந்தவர்கள் காட்டில் அல்ல, பேருந்திலேயே பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்பதே அவர்களது வாக்குமூலத்தின் சாரம். அவர்களில் ஒருவர் பிழைத்தது, பேருந்தில் ஒரு பெண்ணின் அருகே அமர்ந்திருந்ததால். இருவரையும் ஒரே குடும்பம் என்று எண்ணிப் போலீஸார் விட்டுவிட்டார்களாம்.

உயிரிழந்த ஒருவரின் மனைவி நீதிமன்றத்தை நாடினார். சிலரது உடல்கள் மறு பிரேதப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அவரது புகாரின்பேரில் கொலை வழக்கும் பதிவானது. தமிழக முதல்வராக இருந்த ஓ. பன்னீர்செல்வம், ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். குடும்பத்துக்குத் தலா ரூ. 3 லட்சம் அறிவித்தார். மனித உரிமை ஆணையம் தலா ரூ. 5 லட்சம் இடைக்கால நிவாரணமும், சி.பி.ஐ. விசாரணையும் பரிந்துரைத்தது. அதற்கு ஹைதராபாதில் இருந்த உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஆந்திர அரசு தன் பங்குக்குத் தன் போலீஸ் அதிகாரிகளைக் கொண்டே சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது.

என்கவுன்ட்டர் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்தது 2014 செப்டம்பர் 23-ஆம் தேதி. அதாவது சேஷாசலம் சம்பவத்துக்கு ஏழு மாதம்கூட ஆகாத முன்பு. பத்தாண்டுகள் கடந்துவிட்டன; அந்த 20 பேரின் சாவுக்காக ஒரு போலீஸ்காரரும் தண்டிக்கப்படவில்லை.

தில்லி என்ன செய்தது?

ஏப்ரல் 7 அன்று நாடாளுமன்றம் இடைவேளையில் இருந்தது. மக்களவை மீண்டும் கூடியது ஏப்ரல் 20-ஆம் தேதி. நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டத்தை மறுபடி பிறப்பிப்பதற்காக மாநிலங்களவையின் கூட்டத்தொடரையே முடித்து வைத்திருந்ததால், அது 23-ஆம் தேதிதான் கூடியது. அப்போது மக்களவையில் தமிழகத்தின் 39 இடங்களில் 37 அ.தி.மு.க.வின் கையில். இத்தனை பலத்தோடு ஓர் அணி தில்லியில் இருந்தும், சி.பி.ஐ. விசாரணை கிடைக்கவில்லை. ஆந்திரத்தில் ஆண்ட தெலுங்கு தேசம் மத்திய அமைச்சரவையில் பங்கு வகித்தது என்பதை நினைவில் கொண்டால், காரணம் விளங்காமல் போகாது.

இத்தகைய கேள்விகளுக்கு உள்துறை அமைச்சகம் தரும் பதில் நாடாளுமன்றச் செய்தியாளர்களுக்கு மனப்பாடம். போலீஸும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்று தொடங்கும். அது சரியே. ஆனால் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் காடு பொதுப்பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி முழுக்க முழுக்க மத்திய அரசின் கையில். பெருந்துறைமுகங்களும் சுங்கமும் அவ்வாறே. வேறு சரக்கு என்று பொய்யாகக் குறிப்பிட்ட கன்டெய்னர்களில் செம்மரக் கட்டை சென்னைத் துறைமுகத்தில் பிடிபடுவது புதிய செய்தியல்ல. காட்டில் கோடாலி பிடித்தவருக்குத் துப்பாக்கி. துறைமுகத்தில் கையெழுத்திட்டவருக்கு நோட்டீஸ். கடத்தலின் முக்கியப் புள்ளி ஒருவர் மொரீஷியஸ் வரை தப்பிப் போய், 2015 நவம்பரில் விமானத்தில் கொண்டுவரப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். சட்டப்படி அதுதான் முறை. அதே முறை ஜவ்வாது மலைக்காரருக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

செம்மரத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்ஸ்’ ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது 1995-இல். காட்டு மரத்தின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்திருக்கிறது. இருந்தும், பறிமுதலான கட்டைகளை விற்க ஆந்திரத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எட்டாயிரம் டன்னுக்கும் மேல் ஏற்றுமதி செய்ய மத்திய அரசின் வெளிவர்த்தக இயக்ககம் அனுமதித்தது. 2014 இறுதியில் தொடங்கிய மின்னணு ஏலங்கள் மாநிலக் கருவூலத்துக்குக் கோடிக்கணக்கில் வருவாய் ஈட்டித் தந்தன. மலைக்காரர்கள் வெட்டி, சுமந்து, சிறைக்கும் போய் விட்டுச் சென்ற கட்டைதான் அது. ஏலத் தொகையில் ஒரு பகுதியாவது மலைக் கிராமங்களின் மாற்றுத் தொழிலுக்குப் போகும் என்று எந்த விதியும் இல்லை.

2016-இல் ஆந்திரம் தன் வனச் சட்டத்தைத் திருத்திச் செம்மரக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. அதிரடிப் படையினரே ஜவ்வாது மலைக்கு வந்து விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியதும் உண்டு. ஆயினும் சாவுகள் நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேரின் சடலங்கள் மிதந்தன. ஐவரும் சேலம் மாவட்டக் கல்வராயன் மலையைச் சேர்ந்தவர்கள். 2020 நவம்பரில் கடப்பா அருகே, செம்மரத்துடன் விரைந்த கார் டிப்பர் லாரியில் மோதித் தீப்பிடித்ததில் ஐந்து பேர் கருகினர். 2024 பிப்ரவரி 6-ஆம் தேதி அன்னமய்ய மாவட்டத்தில், கடத்தல் காரை மறித்த அதிரடிப் படைக் காவலர் ஒருவர் அதே காரால் மோதிக் கொல்லப்பட்டார். இரு பக்கமும் சாவது கீழ்மட்டத்தில் இருப்பவர்கள்தாம்.

இதற்கிடையே செம்மரக் கடத்தல் கூலி ஒருவன் கும்பல் தலைவனாக உயரும் ‘புஷ்பா’ திரைப்படம் 2021-இல் வெளியாகி நாடெங்கும் ஓடியது. அதில் நடித்த அல்லு அர்ஜுனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது, 2023 அக்டோபரில் தில்லியில் குடியரசுத் தலைவர் கையால் வழங்கப்பட்டது. நடிப்புக்குக் கிடைத்த விருது; அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் காட்டுக்குப் போன கூலி எவரும் அப்படி உயர்ந்ததாக ஜவ்வாது மலையில் யாரும் கண்டதில்லை.

மாற்று வழி மூடிக் கிடக்கவில்லை. சைட்ஸ் நிலைக்குழு 2004 முதல் இந்தியச் செம்மர வணிகத்தைத் தனிக் கண்காணிப்பில் வைத்திருந்தது. 2023 நவம்பரில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பட்டா நிலத்தில் செம்மரம் வளர்த்த விவசாயிகளுக்கு இது நல்ல செய்தி என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் அறிவித்தார். தமிழகத்திலும் ஆந்திரத்திலும் அப்படி வளர்த்தவர்கள் பலர். அந்த மரங்களை வெட்டவும், வெளிறு நீக்கவும், தரம் பிரிக்கவும் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எந்த மலையில் இருக்கிறார்கள் என்பது இரு மாநிலக் காவல் துறைகளுக்கும் நன்றாகத் தெரியும். அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டி, அடையாள அட்டை கொடுத்து, சட்டப்படி கூலி பெற வைப்பது வனத்துறையால் ஆகாத காரியமா?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. தமிழகத்தில் அது உயர் நீதிமன்ற உத்தரவால் முடங்கிக் கிடந்து, 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பின்னரே பட்டா வழங்கும் பணி நகரத் தொடங்கியது. நிலத்துக்கு உரிமையும், விளைந்த சாமைக்கு விலையும் கிடைக்கும் குடும்பம் முன்பணத்துக்குக் கை நீட்டுமுன் ஒரு முறை யோசிக்கும்.

இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேச இடம் இல்லாமலும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம், மத்திய உள்துறை அமைச்சர் தலைமையில் மண்டலக் கவுன்சில்களை அமைத்தது இதுபோன்ற எல்லைச் சிக்கல்களைத் தீர்க்கத்தான். தென் மண்டலக் கவுன்சிலின் 29-ஆவது கூட்டம், அமித் ஷா தலைமையில் 2021 நவம்பர் 14-ஆம் தேதி நடைபெற்ற இடம் திருப்பதி. செம்மரம் வளரும் மலையின் அடிவாரம் அது.

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி முதல் ஏர்பேடு சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஐ.ஐ.டி.யின் நிரந்தர வளாகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 பிப்ரவரி 20-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். சந்திரகிரிக் காட்டில் இறந்தவர்களின் வீடுகளில் அன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள், இப்போது வேலை தேடும் வயதில் இருக்கிறார்கள்.